18ஆம் நூற்றாண்டு டேனிஷ் உருவக ஓவியத்த எப்படிப் பாத்துப் புரிஞ்சுக்கறது: முழுமையான வழிகாட்டி

மேகத்து மேல உக்காந்திருக்கற பொண்ணுங்க, இறக்கை வெச்ச ஒரு கிழவர், ஊதுகொம்பு, பாம்பு, தராசு, உடைஞ்சு கிடக்கற ஆயுதங்க, இதுக்கெல்லாம் நடுவுல ஒரு ராஜா. கோபன்ஹேகன் அரண்மனைகள்லயும் மியூசியங்கள்லயும் இந்த மாதிரி உருவகப் படங்க, அதாவது நீதி, காலம் மாதிரி கருத்துகள ஆளா காட்டற படங்க முன்னாடி பெரும்பாலானவங்க அரை நிமிஷம் கூட நிக்கறதில்ல, பக்கத்துல ஒரு அழகான போர்ட்ரெய்ட் இருந்தா அதுக்குப் போயிடுவாங்க. அவங்கள குத்தம் சொல்ல முடியாது. இந்தப் படங்க எழுத்துத் தெரியாத ஊர் போர்டு மாதிரி தெரியுது, ஏதோ சொல்லுதுன்னு தெரியும், என்னன்னுதான் தெரியாது.

ஆனா இத படிக்கலாம், நல்லாவே படிக்கலாம். நிறைய பேர் சின்னங்களோட லிஸ்ட்ட மனப்பாடம் பண்ணிட்டு அங்கேருந்து ஆரம்பிக்கறாங்க, நான் சொல்லப்போறது அதுக்கு நேர் எதிர் வழி. முதல்ல படத்துல என்ன *நடக்குது*ன்னு பாக்கணும், யார் யாரை என்ன பண்றாங்கன்னு. சின்னம் ரெண்டாவது. யார் காசு குடுத்தாங்கங்கறது மூணாவது, அதுலதான் படம் முழுசா திறக்கும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தேவையான பின்னணி கொஞ்சம்தான். டென்மார்க்ல 1660லேருந்து ராஜாவுக்கு முழு அதிகாரம், 1665ல அத சட்டமாவே எழுதி வெச்சாங்க. 1754ல கோபன்ஹேகன்ல சார்லோட்டன்போர்க் அரண்மனையில ராயல் ஆர்ட் அகாடமி ஆரம்பிச்சாங்க, ஐந்தாம் ஃப்ரெடெரிக் ராஜாவோட பிறந்தநாள் அன்னிக்கே. அதே வருஷத்துலேருந்து டைரக்டரா இருந்தவர் பிரான்ஸ்லேருந்து வந்த சிற்பி சாலி. அங்க வரலாறு, புராணம், பைபிள் கதை, உருவகம் இதெல்லாம்தான் உசந்த ஓவியம், பூவும் பழமும் வரையறது கடைசி. அந்த அகாடமியிலேருந்து வந்தவர்தான் நிகோலாய் ஆபில்கோர், 1743ல கோபன்ஹேகன்ல பிறந்தவர், 1767ல பெரிய தங்கப் பதக்கம் வாங்கி, 1772லேருந்து 1777 வரைக்கும் ரோம்ல இருந்து, 1778ல ப்ரொஃபசர் ஆனவர். டேனிஷ் உருவக ஓவியம்னா முதல்ல சொல்ல வேண்டிய பேர் இவர்தான், அதனால இந்த வழிகாட்டி முழுக்க அவர் கூடவே வருவார்.

படி 1: இது உருவகமா, இல்ல வெறும் கதையா?

பழைய கிரேக்க ஆளு படத்துல இருந்தாலே அது உருவகம் ஆயிடாது. ஆபில்கோர் ரோம்ல இருக்கும்போது 1775ல வரைஞ்ச "காயம்பட்ட ஃபிலாக்டீட்டஸ்" படத்த எடுத்துக்கங்க, இப்ப கோபன்ஹேகன் நேஷனல் கேலரியில இருக்கு. பாம்பு கடிச்சு, புண்ணு அழுகி, கூட வந்தவங்களே லெம்னோஸ் தீவுல விட்டுட்டுப் போன வீரன். அப்படியே சுருண்டு கால புடிச்சுக்கிட்டு இருக்கான், தலைமுடி காத்துல பறக்குது, முதுகுத் தசை எல்லாம் முறுக்கிக்கிட்டு நிக்குது. அந்த ஆளு அந்த ஆளேதான். வலிங்கற கருத்துக்கு உருவம் குடுத்து ஒரு பொண்ண நிக்க வெக்கல, வலிக்கற ஒரு மனுஷன வரைஞ்சிருக்கார். அதனால இது புராணக் கதைப் படம்.

உருவகம்னா கண்ணுக்குத் தெரியாத ஒரு விஷயம் உடம்போட வந்து நிக்கணும். நீதி, உண்மை, அமைதி, காலம், வியாபாரம், ஒரு நாடு, ஒரு கடல், இதுல ஏதாவது ஒண்ணு ஆளா மாறியிருக்கணும். டெஸ்ட் சிம்பிள்: படத்துல இருக்கற ஆளுக்கு பேர் கேட்டா "ஃபிலாக்டீட்டஸ்" மாதிரி பேர் வருதா, இல்ல "உண்மை" மாதிரி பேர் வருதா? ரெண்டாவதுன்னா உருவகம். ரெண்டும் கலந்து வர்ற படங்கதான் டென்மார்க்ல ஜாஸ்தி, நிஜமான ராஜா ஒருத்தர், அவர சுத்தி கருத்துகள் எல்லாம் ஆளா நிக்கும்.

படி 2: வினைச்சொல்ல கண்டுபிடிங்க

இதுதான் ரொம்ப முக்கியமான படி, இங்க அவசரப்படவே கூடாது. லேபிள படிக்காதீங்க, தலைப்ப பாக்காதீங்க. ஒரு அஞ்சு நிமிஷம் படத்த மட்டும் பாருங்க. யாரோ யாரையோ தூக்கி விடறாங்களா, மிதிக்கறாங்களா, கிரீடம் வெக்கறாங்களா, திரைய விலக்கறாங்களா, கைய நீட்டிக் குடுக்கறாங்களா, துரத்தறாங்களா? இந்த வகை ஓவியத்துல வேலையே இல்லாம சும்மா நிக்கற ஆள் ரொம்பக் கம்மி, ஒவ்வொருத்தரும் ஏதோ ஒண்ணு பண்ணிக்கிட்டுதான் இருப்பாங்க, அந்தச் செயல்தான் படத்தோட வாக்கியம். "காலம் உண்மைய தூக்கி வெளிச்சத்துக்குக் கொண்டுவருது", "ராஜா விழுந்த பொண்ண தூக்கி நிறுத்தறார்", "அறிவு அறியாமைய துரத்துது", இப்படி ஒரு வரி உங்க வாயில வரணும். ஆளுங்க பேர் தெரியலன்னாலும் பரவால்ல, "கிழவர் பொண்ண தூக்கறார்"னு சொன்னாலே பாதி கிணறு தாண்டியாச்சு.

கைய பாருங்க முதல்ல, அப்புறம் கண்ணு எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க, அப்புறம் வெளிச்சம். ஆபில்கோர் மாதிரி ரோம்ல மைக்கேலாஞ்சலோவையும் ரஃபேலையும் பாத்துப் பாத்து படிச்சவங்க உடம்பாலதான் பேசுவாங்க. மேல இருக்கறவங்க யாரு, கீழ கிடக்கறவங்க யாருன்னு பாருங்க. கீழ நிழல்ல கிடக்கற ஆள் பெரும்பாலும் கெட்டது: பொறாமை, சண்டை, அறியாமை. வலது இடதுங்கறதுக்கு நிலையான விதி எதுவும் இல்ல, ஆனா மேல கீழங்கறதுக்கு கிட்டத்தட்ட எப்பவுமே அர்த்தம் உண்டு.

சின்னத்துலேருந்து ஆரம்பிச்சா என்ன ஆகும்னா, தராசு = நீதி, நங்கூரம் = நம்பிக்கை, ஆந்தை = அறிவுன்னு பன்னெண்டு வார்த்தை கைல இருக்கும், வாக்கியம் மட்டும் இருக்காது. நீதி நிக்குதுங்கறது ஒரு செய்தியே இல்ல. நீதி யாருக்கு முன்னாடி மண்டி போடுதுங்கறதுதான் செய்தி.

படி 3: யார் நிஜ ஆள், யார் கருத்து?

முகத்த பாருங்க. ஒரு முகத்துல மட்டும் தனி அடையாளம் இருக்கும், நீள மூக்கு, கனமான தாடை, இரட்டைக் கன்னம், மத்த முகமெல்லாம் சிலை மாதிரி ஒரே சாயல்ல இருக்கும். தனி அடையாளம் உள்ளவர்தான் நிஜ ஆள். அடுத்தது டிரஸ். அந்தக் காலத்து விக், கோட், ராஜ அங்கி எல்லாம் நிஜ ஆளுக்கு, சும்மா சுத்தி விட்ட துணி, வெறுங்கால், திறந்த தோள் இதெல்லாம் கருத்துக்கு.

ஒரு எச்சரிக்கை, ராஜாவயே ரோம் பேரரசர் வேஷத்துல காட்டற வழக்கம் உண்டு. அமாலியன்போர்க் அரண்மனை சதுக்கத்துல சாலி செஞ்ச ஐந்தாம் ஃப்ரெடெரிக் குதிரைச் சிலை அப்படித்தான், 1771ல திறந்தாங்க, தலைல லாரல் இலை மாலை. அதுக்குக் காசு குடுத்தது டேனிஷ் ஏசியாட்டிக் கம்பெனி, தரங்கம்பாடிக்கும் சீனாவுல காண்டனுக்கும் கப்பல் விட்டுக்கிட்டிருந்த அதே கம்பெனி. ஓவியத்துலயும் இதே பழக்கம்தான், அதனால டிரஸ்ஸ மட்டும் நம்பாம முகத்தையும் சேத்துப் பாருங்க.

சில படத்துல ராஜா நேரா வரவே மாட்டார், ஒரு வட்ட மெடலுக்குள்ள அவர் முகம் மட்டும் இருக்கும், இல்ல மார்பளவு சிலையா இருப்பார், சுத்தி பொண்ணுங்க பூமாலை போடுவாங்க. அப்பவும் வாக்கியத்தோட எழுவாய் அவர்தான்.

படி 4: கைல என்ன இருக்கு?

இப்பதான் சின்னங்களுக்கு வரணும். நமக்கு இது புது விஷயமே இல்ல, கோயில் கோபுரத்துல இருக்கற சிலைய பாத்து வேல் இருந்தா முருகன், சங்கு சக்கரம் இருந்தா பெருமாள்னு சின்னப் பிள்ளைங்க கூட சொல்லிடும். இங்கயும் அதே முறைதான், பேர் மட்டும் வேற.

ஐரோப்பிய ஓவியர்கள் எல்லாரும் கைல வெச்சிருந்த ஒரு கையேடு உண்டு, இத்தாலிக்காரர் செசாரே ரீப்பா தொகுத்த "இகோனோலோஜியா". முதல் பதிப்பு 1593, படங்களோட வந்தது 1603ல. அப்புறம் பல மொழிகள்ல போச்சு, ரெண்டு நூற்றாண்டுக்கு ஓவியர்களோட அகராதி அதுதான். அதுலேருந்து அடிக்கடி வர்றத சொல்றேன். தராசும் வாளும் நீதி. கண்ணாடியும் பாம்பும் விவேகம். உடைஞ்ச தூணு இல்ல முழுத் தூணு பக்கத்துல நின்னா மன உறுதி. ஒரு பாத்திரத்துலேருந்து இன்னொண்ணுக்கு தண்ணி ஊத்தறது, இல்ல கைல கடிவாளம், ரெண்டுமே நிதானம். நங்கூரம் நம்பிக்கை, சுத்தி குழந்தைங்க இருந்தா அன்பு. ஊதுகொம்பு புகழ். அரிவாளும் மணற்கடிகாரமும் இறக்கையும் சேந்து வந்தா காலம். கைல சூரியன புடிச்சுக்கிட்டு துணியில்லாம நிக்கற பொண்ணு உண்மை. ஆலிவ் கிளை, கீழ ஆயுதக் குவியலுக்கு தீ வெக்கறது, அது அமைதி. பழம் வழியற கொம்பு செழிப்பு. தன் வால தானே கடிக்கற பாம்பு முடிவில்லாத காலம்.

தெய்வங்களும் கருத்தா வேலை பாக்கும். ஹெல்மெட்டும் ஆந்தையும் வெச்ச மினர்வா வந்தா கலையும் அறிவும், ரெண்டு பாம்பு சுத்தின கோலோட மெர்குரி வந்தா வியாபாரம். சிங்கத்தோல் போத்தி தடி வெச்சிருக்கற ஹெர்குலிஸ்னா பலம், பெரும்பாலும் ராஜாவோட பலம்.

பாம்ப மட்டும் ஜாக்கிரதையா படிங்க. கண்ணாடியோட வந்தா விவேகம், கிண்ணத்தோடயோ தடியோடயோ வந்தா மருத்துவம், தலைமுடில வந்தா பொறாமை. ஒரே பொருளுக்கு நாலு அர்த்தம் இருக்கும்போது எது சரின்னு தீர்மானிக்கறது படி 2ல நீங்க கண்டுபிடிச்ச வினைச்சொல்தான்.

படி 5: டேனிஷ் அடையாளங்க

பொது அகராதியில இல்லாத, டென்மார்க்குக்கே உரிய விஷயங்க இங்க வருது, பல பேர் கோட்ட விடறது இங்கதான்.

மூணு நீலச் சிங்கமும் சுத்தி சிவப்பு இதயங்களும் டென்மார்க்கோட சின்னம். இதயம் ஒம்போதுன்னு நிலையா ஆனது 1819லதான், அதனால 18ஆம் நூற்றாண்டு படத்துல எண்ணிக்கை மாறியிருந்தா குழம்பாதீங்க. கோடாரி புடிச்ச சிங்கம் நார்வே, 1814 வரைக்கும் நார்வே டேனிஷ் ராஜா கைலதான் இருந்துது. மூணு கிரீடம் ஸ்வீடனோட சின்னம், அத டேனிஷ் ராஜாவும் போட்டுக்கிட்டதால வந்த பழைய பங்காளித் தகராறு அது. கிரீடம் வெச்ச கருவாடு ஐஸ்லாந்து, ஆமா, காய வெச்ச காட் மீன்தான், அந்தத் தீவு வாழ்ந்ததே அதால. வெள்ளைக் கரடி கிரீன்லாந்து, ஆட்டுக்கிடா ஃபாரோ தீவுகள்.

இலையால இடுப்ப மறைச்சு தடி புடிச்ச ரெண்டு தாடிக்காரங்க நின்னா அவங்கள ஹெர்குலிஸ்னு நினைச்சிடாதீங்க, டேனிஷ் ராஜ சின்னத்த ரெண்டு பக்கமும் தாங்கி நிக்கற காட்டு மனுஷங்க அவங்க. சிங்கத்தோல் இருந்தா ஹெர்குலிஸ், இலை இருந்தா காட்டு மனுஷன்.

அப்புறம் யானை. நம்ம ஆளுங்க கண்ணு முதல்ல அங்கதான் போகும், உடனே இந்திய வியாபாரம்னு முடிவு பண்ணிடுவோம். முதுகுல கோட்டை வெச்ச சின்ன வெள்ளை யானை ஒருத்தர் மார்புல தொங்கினா, கூடவே நீல நிறப் பட்டை இருந்தா, அது டென்மார்க்கோட மிக உயர்ந்த விருதான யானை விருது, ராஜாவும் ராஜ குடும்பமும் பெரிய பெரிய ஆளுங்களும் போட்டுக்கறது. வெள்ளைப் பட்டையில சிவப்பு ஓரம்னா அது அடுத்த விருது, டான்னெப்ரோ. யானைத் தலைய தொப்பி மாதிரி ஒரு பொண்ணு போட்டிருந்தா அவ ஆப்பிரிக்கா கண்டம். ஆசியாவுக்கு ரீப்பா குடுத்தது ஒட்டகம்தான்.

கடல் தெய்வமும் திரிசூலமும் வந்தா பொதுவா கடல் ஆட்சின்னு அர்த்தம், ஆனா டென்மார்க்ல அது காசும் கூட. டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் நடுவுல இருக்கற ஓரெசுண்ட் ஜலசந்தி வழியா போற கப்பலுக்கெல்லாம் வரி, 1857ல ஒழியற வரைக்கும் அது ராஜாவோட பெரிய வருமானம். கோபன்ஹேகன் ரோசன்போர்க் அரண்மனையில சிம்மாசனத்துக்கு முன்னாடி மூணு வெள்ளிச் சிங்கம் இருக்கு, அதையும் மூணு ஜலசந்தின்னு சொல்வாங்க.

கடைசியா எழுத்துச் சின்னம், அதாவது மோனோகிராம். காலத்த கண்டுபிடிக்க இத விட நல்ல வழி கிடையாது. டேனிஷ் ராஜாக்கள் பேர் கிறிஸ்டியன், ஃப்ரெடெரிக்னு மாறி மாறித்தான் வரும். நாலாம் ஃப்ரெடெரிக் 1699லேருந்து 1730, ஆறாம் கிறிஸ்டியன் 1746 வரைக்கும், ஐந்தாம் ஃப்ரெடெரிக் 1766 வரைக்கும், ஏழாம் கிறிஸ்டியன் 1808 வரைக்கும். பின்னிப் பிணைஞ்ச எழுத்து, ஒரு எண், மேல கிரீடம், இத பாத்தா படம் எந்த ஆட்சின்னு சொல்லிடலாம். இத பழக நீங்க கோபன்ஹேகன் போக வேண்டியதே இல்ல. தரங்கம்பாடி புது எருசலேம் தேவாலயத்தோட முகப்புல நாலாம் ஃப்ரெடெரிக்கோட மோனோகிராம் இருக்கு, மதபோதகர் சீகன்பால்கு 1706ல அங்க வந்து இறங்கினது இந்த ராஜா அனுப்பித்தான், கோயில் கட்டி முடிச்சது 1718. அந்த எழுத்த ஒருக்கா நிதானமா பிரிச்சுப் படிச்சுப் பாத்தீங்கன்னா அப்புறம் எந்த டேனிஷ் கூரையில பாத்தாலும் பட்டுன்னு தெரிஞ்சிடும்.

படி 6: எங்க மாட்டியிருந்தாங்க?

உருவக ஓவியம் பெரும்பாலும் தனிப்படமா வரையப்பட்டதில்ல, ஒரு அறைக்காக வரைஞ்சது. கதவுக்கு மேல, கூரையில, சிம்மாசனத்துக்கு எதிர்ல. மியூசியத்துல கண்ணு மட்டத்துல மாட்டிட்டா கால் எல்லாம் குட்டையா, தலை பின்னாடி சாஞ்ச மாதிரி தெரியும். ஓவியர் தப்பு பண்ணல, நீங்க கீழேருந்து அண்ணாந்து பாக்கணும்னு கணக்குப் போட்டு வரைஞ்சிருக்கார். கால் குட்டையா தெரிஞ்சா கொஞ்சம் உக்காந்து பாருங்க, போன்ல பாத்தா போன தலைக்கு மேல தூக்கிப் புடிங்க, வித்தியாசம் தெரியும்.

இதுக்குப் பெரிய உதாரணம் கோபன்ஹேகன்ல இருந்த முதல் கிறிஸ்டியன்போர்க் அரண்மனையோட மாவீரர் மண்டபம். 1776ல ஒரு சட்டம் வந்துது, டென்மார்க் ராஜ்யத்துல பிறந்தவங்களுக்குத்தான் இனிமே அரசுப் பதவின்னு. பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்வீடிஷ் ஆளுங்களே நிறைஞ்சு கிடந்த இடத்துல உள்ளூர் திறமைய தேட ஆரம்பிச்ச நேரம் அது, அப்பதான் ஆபில்கோர் ரோம்லேருந்து திரும்பி வர்றார். டென்மார்க்க ஆண்ட ஓல்டன்போர்க் வம்சத்து ராஜாக்களோட வரலாற மண்டபம் முழுக்க பெரிய பெரிய படமா வரையற வேலை அவருக்குக் கிடைச்சுது. வரலாறும் உருவகமும் கலந்த படங்க. கதவுகளுக்கு மேல ஐரோப்பிய வரலாற்றோட நாலு காலகட்டத்த உருவகமா வெச்சார். அதாவது மண்டபத்துக்குள்ள நுழையறவர் தலைக்கு மேல ஐரோப்பா, சுவர்ல டேனிஷ் ராஜாக்கள், ஐரோப்பாவோட பெரிய கதைக்குள்ள எங்க வம்சம் இங்க இருக்குன்னு அறையே ஒரு வாக்கியம் சொல்லுது. ஒரு படத்த மட்டும் தனியா எடுத்துப் பாத்தா இந்த வாக்கியம் கிடைக்கவே கிடைக்காது.

1791ல வேலை நிறுத்தப்பட்டது, முழுசா முடியல. 1794 பிப்ரவரி 26ஆம் தேதி அரண்மனை தீப்பிடிச்சு எரிஞ்சுது. அந்தப் பெரிய படங்கள்ல மூணுதான் தப்பிச்சுது. ஒரு மனுஷன் தன் நல்ல வயசுல பத்து வருஷத்துக்கு மேல போட்ட உழைப்பு ஒரே ராத்திரியில போனத நினைச்சா இப்பவும் மனசு பிசையுது.

நமக்கு மிஞ்சினது பெரும்பாலும் ஸ்கெட்ச், எண்ணெய் வண்ணத்துலயே சின்ன அளவுல முன்கூட்டி வரைஞ்சு காட்டி அனுமதி வாங்கற மாதிரிப் படங்க. நேஷனல் கேலரி கலெக்‌ஷன்ல "ஸ்கிட்ஸே"ன்னு போட்டிருந்தா அதுதான். இத படிக்கும்போது ஒண்ணு நினைவு வெச்சுக்கங்க, ஸ்கெட்ச்ல பிரஷ் வேகமா ஓடும், முகம் தெளிவா இருக்காது, சின்னப் பொருளெல்லாம் ஒரு தீத்தல்ல முடிஞ்சிருக்கும். அதனால படி 4 இங்க சரியா வேலை செய்யாது, படி 2 ரொம்ப நல்லா வேலை செய்யும். சொல்லப்போனா ஆபில்கோரோட உடல்மொழி ஸ்கெட்ச்லதான் ரொம்ப உயிரோட இருக்குன்னு எனக்குத் தோணுது, மெருகு ஏத்த ஏத்த அந்தத் துடிப்பு கொஞ்சம் அடங்கிடுது.

படி 7: காசு யார் குடுத்தாங்க, என்ன சொல்லாம விட்டாங்க?

இந்தப் படி இல்லாம படிச்சா நீங்க ராஜாவோட விளம்பரத்த ராஜா சொன்ன மாதிரியே நம்பிட்டு வந்துடுவீங்க. படத்தோட வருஷத்த எழுதிக்கங்க, அதுக்கு முன்னாடி பத்து வருஷம், பின்னாடி பத்து இருபது வருஷம் நாட்டுல என்ன நடந்துதுன்னு தேடுங்க.

ரோசன்போர்க் அரண்மனையோட நீள மண்டபத்துக் கூரைய எடுத்துக்குவோம். அங்க ஹென்ட்ரிக் க்ரோக்ங்கற ஓவியர் ராஜ சின்னங்களான கிரீடம், செங்கோல் இதயெல்லாம் ஓவியமா வெச்சிருக்கார், ஓரத்துல சுதைச் சிற்பத்துல நாலாம் ஃப்ரெடெரிக் ஆட்சியோட ஆரம்ப வருஷ சாதனைங்க. அதுல ஒண்ணு பண்ணையடிமை விவசாயிகளுக்கு விடுதலை. பொய் இல்ல, 1702ல சேலண்ட் தீவுலயும் பக்கத்துத் தீவுகள்லயும் இருந்த பழைய பண்ணை அடிமைமுறைய அவர் ஒழிச்சார். இன்னொண்ணு நாட்டுப்புறப் படை, அதாவது கிராமத்து விவசாயிகள ஆளா சேக்கற படை, ஆரம்பிச்சது. அதுவும் உண்மைதான். ஆனா அவர் மகன் ஆறாம் கிறிஸ்டியன் 1733ல ஸ்டாவ்ன்ஸ்போன்ட்னு ஒரு சட்டம் போட்டார், 14லேருந்து 36 வயசு வரைக்கும் உள்ள கிராமத்து ஆம்பளைங்க பிறந்த பண்ணைய விட்டுப் போகக் கூடாதுன்னு. படைக்கு ஆளும் வேணும், பண்ணைக்காரங்களுக்கு கூலியாளும் வேணும். 1764ல அது 4 வயசுலேருந்து 40 வயசுன்னு ஆச்சு. நாலு வயசுக் குழந்தை. கூரையில ஒண்ணு பக்கத்துல ஒண்ணா ஜொலிக்கற அந்த ரெண்டு சாதனையில ஒண்ணு இன்னொண்ண எப்படித் தின்னுச்சுன்னு கூரை சொல்லாது, நீங்கதான் கொண்டு வந்து பக்கத்துல வெக்கணும்.

ஆபில்கோரோட காலத்துலயும் இப்படித்தான். ஏழாம் கிறிஸ்டியனுக்கு மனநிலை சரியில்ல, கையெழுத்து மட்டும்தான் அவரோடது. 1770லேருந்து அவரோட டாக்டர் ஸ்ட்ரூன்சே நாட்ட ஆண்டார், பத்திரிகைத் தணிக்கைய ஒழிச்சார், 1772 ஏப்ரல்ல அவர் தலைய வெட்டினாங்க. அப்புறம் பழைய ஆளுங்க பிடி, 1784ல பட்டத்து இளவரசர் அதிகாரத்த கைல எடுத்தார், 1788ல ஸ்டாவ்ன்ஸ்போன்ட் ஒழிஞ்சுது. இத்தனையும் நடந்துக்கிட்டிருக்கும்போதுதான் மண்டபத்துல முன்னோர்களோட பெருமை வரையப்படுது. ராஜா பலவீனமா இருக்கும்போது வம்சத்தோட பலத்த சுவர் முழுக்க வரைய வேண்டிய தேவை வருது, அப்படித்தான் நான் அந்தப் படங்கள படிக்கறேன்.

அதே ஆபில்கோர் 1790கள்ல கோபன்ஹேகன்ல விடுதலைத் தூணுக்கு டிசைன் குடுத்தார், 1792ல அடிக்கல், 1797ல முடிஞ்சுது, இன்னிக்கும் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல நிக்குது. ஸ்டாவ்ன்ஸ்போன்ட் ஒழிஞ்சதுக்கான நினைவுச் சின்னம் அது. கீழ நாலு பொண்ணுங்க: விசுவாசம், குடிமைப் பண்பு, உழவர் உழைப்பு, வீரம். பழைய கூரைங்கள்ல ராஜாவ சுத்தி நின்ன அதே குடும்பத்துப் பொண்ணுங்கதான், ஆனா உழவரோட உழைப்பு அந்த வரிசையில சமமா நிக்குது பாருங்க, அது பெரிய மாற்றம். ஆபில்கோர் பிரெஞ்சுப் புரட்சி மேல அனுதாபம் வெச்சிருந்தவர். ராஜா காசுல வரையும்போது ஒரு மொழி, குடிமக்கள் விஷயத்துக்கு வரும்போது அதே மொழியில வேற வாக்கியம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிங்கன்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

படி 8: பெயின்ட்

சுருக்கமா சொல்றேன், ஆனா விட்டுடாதீங்க. லினன் துணி, அதுக்கு மேல ஒரு அடிப்பூச்சு, ஆளி விதை எண்ணெயில குழைச்ச வண்ணம், கடைசியா வார்னிஷ். வெள்ளைக்கு ஈய வெள்ளை, சிவப்புக்கு வெர்மிலியன், நிறைய காவி மண் நிறங்க, நீலத்துக்கு 1700களோட ஆரம்பத்துல பெர்லின்ல கண்டுபிடிச்ச ப்ரஷ்யன் ப்ளூ. வார்னிஷ் வயசாக ஆக மஞ்சளாகும், அப்ப நீலம் பச்சையா தெரியும். இது அர்த்தத்தையே மாத்தும், யானை விருதோட நீலப் பட்டை பச்சைப் பட்டையா தெரிஞ்சு வேற ஏதோன்னு நினைச்சுடுவீங்க. ஆய்வுல டைட்டானியம் வெள்ளை எங்கயாவது வந்தா அந்த இடம் 20ஆம் நூற்றாண்டுல யாரோ பூசினது, கோபால்ட் நீலம் வந்தா 1800க்கு அப்புறம். அப்படிப்பட்ட இடத்துல இருக்கற சின்னத்த நம்பி முடிவு எடுக்காதீங்க.

படி 9: உக்காந்து பழகுங்க

டென்மார்க் நேஷனல் கேலரி தன்னோட கலெக்‌ஷன "எஸ்எம்கே ஓப்பன்"னு ஆன்லைன்ல வெச்சிருக்கு, காப்புரிமை முடிஞ்ச படங்கள பெரிய அளவுல இலவசமாவே டவுன்லோட் பண்ணலாம். ஆபில்கோர்னு டேனிஷ் எழுத்துல தேடுங்க, வர்றதுல உருவகத்த மட்டும் படி 1 வெச்சுப் பிரிங்க. ஒரு படத்துக்கு ஒரு பக்க நோட்டு போதும். மேல வினைச்சொல் வாக்கியம், கீழ ஆளுங்க, பொருளுங்க, டேனிஷ் அடையாளம், இடம், வருஷம், கடைசியா "இதுல இல்லாதது". இந்தக் கடைசி வரி காலியா இருந்தா திரும்ப படி 7க்குப் போங்க.

முதல் பயிற்சிக்கு நான் சொல்றது 1793ல அவர் வரைஞ்ச "மனிதர்களோட விதிய எடை போடற ஜூபிடர்", ரீபே ஊர் ஆர்ட் மியூசியத்துல இருக்கு. வினைச்சொல் தலைப்புலயே இருக்கு, எடை போடறது. பொருள் தராசு, ஆனா இங்க அது நீதியோட தராசு கிடையாது, ஹோமரோட இலியட்ல ஸீயஸ் (ஜூபிடரோட கிரேக்கப் பேர்) ரெண்டு பேர் விதிய ரெண்டு தட்டுல வெச்சு நிறுத்துப் பாக்கற தங்கத் தராசு, எது கீழ இறங்குதோ அவன் சாவான், அவன் நல்லவனா கெட்டவனாங்கற பேச்சே அங்க இல்ல. டேனிஷ் ராஜ அடையாளம்னு யானையோ மோனோகிராமோ தேடிப் பாருங்க. அப்புறம் வருஷம்: 1793 ஜனவரியில பாரிஸ்ல பதினாறாம் லூயியோட தலைய வெட்டினாங்க, அடுத்த வருஷம் பிப்ரவரியில கிறிஸ்டியன்போர்க் எரியப் போகுது, மண்டப வேலை ஏற்கனவே கைய விட்டுப் போயிருந்துது. படத்துல லூயி இல்ல, டென்மார்க் இல்ல, எந்த நாட்டு ராஜாவும் இல்ல. அந்தத் தட்டுல யார் விதி இருக்குன்னு உங்க நோட்டுல எழுதுங்க, எழுதிட்டு அது ஏன்னு மூணு வரி காரணமும் படத்துலேருந்தே எடுத்துக் காட்டுங்க.